இத்தா வீட்டுக் கார்

மருதமுனை,
வியாழக்கிழமை.

கத்தாரில் இருக்கும் என் மகன் ஸஹீதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கச்சி நுஸ்ஹாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனதுக்கு எப்படி என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் கையில் இருக்கும்போது உம்மாவுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். கோல் எடுத்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் நீ அஸ்கியையும் அதில் சேர்த்துவிடுகிறாய். இது அஸ்கி இருக்கும்போது கேட்கும் கேள்வி இல்லை. அதோடு, போனில் ஒன்றைக் கேட்டால் வாய்க்கு வந்ததை உடனே சொல்லிவிடுவது உன் பழக்கம், தொட்டில் பழக்கம். நீ யோசித்துப் பதில் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு ஸம்ஸியாவின் புருஷன் ஞாயிற்றுக்கிழமை உன் பக்கம் திரும்பிப் போகிறார். மிளகாய்த் தூளோடும் நெத்தலிக் கருவாட்டோடும் இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பார்சலைப் பிரிக்கும் முன்பு இதை வாசி.

அஸ்கி விற்கும் காரை எடுப்பதா விடுவதா என்று ஒரு வாரமாக என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். எடுக்கலாம் என்றுதான் என் மனமும் இருந்தது. இந்த நாட்டில் இப்போது பழைய காரைக்கூடக் கிட்டப்போய்த் தொட முடியாத விலை. உன் கூட்டாளி கொடுப்பது, உடைந்ததையும் திருத்தியதையும் அவனே மறைக்காமல் சொல்லியிருக்கிறான், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். கோமாரியில் எருமை மாடு ஒன்று குறுக்கே பாய்ந்ததாம். பொனட்டும் முன் கண்ணாடியும் இடதுபக்க லைட்டும் புதிதாம். டிங்கர் வேலையும் பெயின்ற்றும் தடவிப் பார்த்தாலும் தெரியாதாம். மாடு என்ன ஆனது என்று நான் கேட்டதற்கு, எழும்பி ஓடிவிட்டது என்றான். நல்ல எருமை என்று நானும் நுஸ்ஹாவும் சொல்லிச் சிரித்தோம். வாப்பா மௌத்தான பிறகு இந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

போன வெள்ளிக்கிழமை அவன் காரைக் கொண்டுவந்தான். வாப்பாவுக்காக நான் வெளி ஆண்கள் முன் வராமல் இத்தாவில் இருப்பதால் உள்ளே வரவில்லை. மதிலுக்கு வெளியே நின்று ஸலாம் சொல்லிவிட்டு, சாவியை நுஸ்ஹாவிடம் கொடுத்தான். அவள்தான் காரைப் பின்வளவுக்குள் கொண்டுபோய் விட்டாள். ஒழுங்கான பிள்ளை, மரியாதை தெரிந்தவன் என்று நான் மனதுக்குள் துஆச் செய்தேன். வாப்பாவுக்கு நெஞ்சு வலித்த ஒவ்வொரு தடவையும் அவன்தானே தூக்கிக்கொண்டு ஓடினான். ஜனாஸாவைக் கடைசி வரை தோளில் சுமந்தவனும் அவன்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை, இதை எழுதும்போதும் மறக்கவில்லை.

நுஸ்ஹாவுக்கு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க ஆசை. பேப்பர் மாறும்வரை றோட்டில் எடுக்கக் கூடாது என்று நீ சொன்னாய். பெயின்ற் புதிது, வெயில் படக் கூடாது, தறப்பாளால் மூடிவை என்றும் நீதான் சொன்னாய். ஓட்டாமலே வாங்குவது எந்த ஊர் வழக்கம் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே மூடினாள். வாங்கப்போகும் காரைப் பார்க்க ஆசைப்பட்டு வாப்பாவின் கூட்டாளிமாரும் வரமுடியாது. நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வெளி ஆண் ஒருவர் இந்த வளவுக்குள் கால் வைக்கமாட்டார். அது நல்லதாகப் போயிற்று, கண்ணூறு படாது என்று சொன்னது நீயா அஸ்கியா என்று எனக்கு இப்போது பிடிபடவில்லை. கோலில் இரண்டு பேரும் சேர்ந்து கதைத்தீர்கள். சொன்னது யார், மகன்? யோசித்துப் பார். இதற்குத் திரும்பி வருகிறேன்.

பாண்டிருப்பு குஞ்சம்மா மறுபடி மீன் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறாள். அவளுடைய புருஷன் கோணாமலை செத்த செய்தியை உனக்கு நுஸ்ஹா அனுப்பியிருந்தாள். நீ ஒரு வார்த்தையும் பதில் போடவில்லை, வேலையாக இருந்திருப்பாய் என்று நினைத்தேன். நீயும் அஸ்கியும் பள்ளிக்குக் கள்ளமடித்துவிட்டுக் கல்லாற்றுப் பாலத்தடிக்குப் போய் அவரிடம்தானே வலை எறியப் பழகினீர்கள். வாப்பாவின் மௌத்து வீட்டன்று அந்த மனிதர் பகல் முழுக்க எங்கள் கேற்றடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், சுபஹுத் தொழுகைக்கு முந்திய இருட்டில், வலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போனவரை ஏதோ ஒரு வாகனம் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. விடிந்த பிறகுதான் ஆட்கள் கண்டார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஆள் தப்பியிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். சைக்கிள் கிடைத்தது. வலையில் பாதிதான் கிடைத்தது. மற்றப் பாதியை எந்தப் பேய் கொண்டுபோனதோ என்று குஞ்சம்மா என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் கூடையைத் தூக்கிவிட்டாள், வயிறு கேட்குமா. பெண் என்பதால் அவள் வருவதற்குத் தடை இல்லை. குசினிப் பக்கம் வந்து, மீனை வெட்டித் தந்து, ஒரு கோப்பை பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவாள். புருஷனைப் பறிகொடுத்த இரண்டு பேர், கதைக்க எங்களுக்குப் பஞ்சம் இல்லை.

செவ்வாய்க்கிழமையும் வந்தாள். பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் நின்றேன். எங்கள் பூனை மீன் தலையைக் கவ்விக்கொண்டு காருக்குக் கீழே ஓடியது. குஞ்சம்மா அதை ஏசிக்கொண்டே போய், தறப்பாளைத் தூக்கி, குனிந்து கையை விட்டாள். பிறகு சத்தமே இல்லை. பூனை கடித்துவிட்டதாக்கும் என்று நான் வெளியே வந்து பார்த்தேன். அவள் மண்ணில் நெஞ்சுபடப் படுத்துக்கிடந்தாள். முன் சில்லுக்கு உள்பக்கம் இரும்புத் தண்டில் ஏதோ சுற்றிக்கிடந்ததை இழுத்துக்கொண்டிருந்தாள். மீன் கத்தியால் அறுத்து எடுத்தாள். எடுத்ததை என் முன்னால் விரித்தாள்.

வலை, மகன். ஓரத்து ஈயக் குண்டுகளோடு ஒரு முழத் துண்டு. அதன் கயிற்றில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. அந்த நூல் நான் கொடுத்தது. எங்கள் தறியில் சாறனுக்குக் கரை போட்டு மிஞ்சிய நூலை, வலைக்கு அடையாளம் கட்ட வேண்டுமென்று போன வருடம் அவள் கேட்டு வாங்கிப் போனாள். என் கையால் சாயம் போட்ட நூலை எனக்குத் தெரியாதா!

"ராத்தா, இது என்ட மனிசன்ட வலை" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா, கேற் பூட்டியிருக்கிறதா, யாருக்கும் கேட்டிருக்குமா என்று திரும்பிப் பார்த்தேன். அவளைத் தொட்டுத் தூக்கவேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. அதற்காக இன்றுவரை என்னை நானே வெறுக்கிறேன்.

இது ஆருடைய கார் என்று கேட்டாள். எங்களுக்கு விற்கக் கொண்டுவந்தது என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களை அவளுக்குத் தெரியாதா. பிறகு வலைத் துண்டை என் மடியில் வைத்துவிட்டு, "நான் போய்ச் சொன்னா இது தமிழாக்கள் முஸ்லிமாக்கள் எண்டு வேற சண்டையாப் போயிரும் ராத்தா. ரெண்டு பக்கமும் பொடியன்மார் இரிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க" என்றாள். கூடையை விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்து போய்விட்டாள். நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஊரில் ஒரு சத்தமும் இல்லை. என்னை நம்பி வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அன்று முழுக்கத் தொழுகையில் ஓதுவது மறந்து மறந்து போனது. எருமை மாடு எழும்பி ஓடிவிட்டது என்று நாங்கள் சிரித்தோமே, அதற்காகவும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். நேற்று அஸ்கியை வரச் சொன்னேன். யன்னல் சீலையை இழுத்துவிட்டு நான் உள்ளே இருந்தேன், அவன் வெளியே நின்றான். கார் எப்படி உடைந்தது என்று கேட்டேன். எருமைதான் மாமி, அல்லாஹ்மீது ஆணை என்றான். நான் சிவப்பு நூல் சுற்றிய கயிற்றை யன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினேன்.

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். அவன் அழுததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாப்பாவுக்கு அழுததைவிடக் கூட அழுதான். "இருட்டு மாமி. எறங்கிப் பாத்தன், கோணாமலை அண்ணன். மூச்சு இரிந்திச்சி. ஆக்கள் வந்தா என்ன அடிச்சே கொண்டிருவாங்க எண்டு பயந்திட்டன்" என்றான்.

மூச்சு இருந்ததாம், ஸஹீத். வாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே கைதான், வலை எறியப் பழக்கிய மனிதரை மூச்சோடு றோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. இரண்டும் ஒரே பிள்ளை என்று என்னால் நம்ப முடியவில்லை. பயம் எனக்கு விளங்காமல் இல்லை, நாம் பார்க்காத காலமா. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு கோல் அடித்திருக்கலாமே, பேர் சொல்லாமலாவது அடித்திருக்கலாமே.

பொலிசுக்கு நீயே போய்ச் சொல்லு மகன், அதுதான் உனக்கும் நல்லது என்று சொன்னேன். அதற்கு அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸஹீதோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் மாமி என்றான்.

வலையைக் கண்டபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. இதில் ஸஹீதோடு கதைக்க என்ன இருக்கிறது? கார் வாங்கப்போகிறவன் நீ, அவ்வளவுதானே. நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று பயந்து யன்னலைச் சாத்திவிட்டேன். ஆனால் சாத்திய பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நிற்கிறது. றோட்டில் எடுக்க வேண்டாம். தறப்பாளால் மூடு. இத்தா வீடு, ஆண்கள் வரமாட்டார்கள். கோணாமலை செத்த செய்திக்குப் பதில் இல்லை. ஆண்களைத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், மீன்காரி குசினிப் பக்கத்தால் வருவாள் என்பது யாருடைய கணக்கிலும் இல்லை. வாப்பாவுக்காக நான் இருக்கும் இத்தாவை ஒரு காரை ஒளிக்கும் மறைவாக்கியது யார்? அதில் என் பிள்ளைக்கும் பங்கு இருக்கிறதா? உனக்கு ஒன்றும் தெரியாது என்றால், இப்படி நினைத்ததற்கு உம்மாவை மன்னித்துக்கொள். அப்படி இருக்கவேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

காரை நாங்கள் எடுக்கமாட்டோம். இது முடிவு. ஆனால் திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன். கொடுத்தால் அது நாளைக்கே துண்டு துண்டாகிவிடும். சாவி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. இத்தாவில் இருக்கும் பெண் தேவைக்கு வெளிக்கிடலாமா என்று மௌலவியின் மனைவி சுல்பிகாவிடம் ஆள் விட்டுக் கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. உண்மையான தேவை என்றால் பகலில் போய், பொழுதுபட முன்பு வீட்டுக்கு வந்துவிடவேண்டும் என்று சொல்லியனுப்பினாள். இதைவிட என்ன தேவை எனக்கு இருக்கிறது. அஸ்கி தானாகப் போனால் அவனுக்காக நான் அழுது துஆக் கேட்பேன். போகாவிட்டால் செவ்வாய்க்கிழமை காலை நுஸ்ஹாவோடு ஓட்டோவில் நானே போவேன். எல்லாவற்றையும் சொல்வேன். அந்த எல்லாவற்றிலும் உன் பேர் வருமா என்றுதான் எனக்குத் தெரியவேண்டும்.

நுஸ்ஹா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உனக்கு ஒன்றும் எழுதக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். குஞ்சம்மாவின் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

திங்கட்கிழமை உன் கோலுக்காகக் காத்திருப்பேன். அஸ்கியைச் சேர்க்காதே. உன் பதில் என்னவானாலும் நீ நான் பெற்ற பிள்ளைதான், உனக்குக் கேட்கும் துஆவை நான் நிறுத்தமாட்டேன். அல்லாஹ் உன் உடம்பையும் உழைப்பையும் காப்பாற்றட்டும், உன் நாவை உண்மையில் வைக்கட்டும். தெரிந்திருந்தால் தெரியும் என்று சொல்லு, நான் தாங்குவேன். அந்த எருமை மாட்டுக் கதையை மட்டும் எனக்குச் சொல்லாதே, மகன்.

உன் வரவுக்காக இருக்கும்,
உம்மா சுபைறா.