கடைசிக் கதவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. மலச்சிக்கல் முற்றி வயிறு கல்லாகிவிட்டதால் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி சோறு கிடைத்தது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா படம் வரைந்தே விளக்கினார். "விழுங்குற வரைக்கும்தான் உங்க இஷ்டம். அப்புறம் குடல் தசைக்குன்னு தனியா நரம்பு இருக்கு, மூளையைக் கேக்காமலே தள்ளிக்கிட்டுப் போகும். கடைசிக் கதவு மட்டும் மறுபடியும் உங்க கையில. அதை ஏன் இப்படி அடக்கி வெச்சீங்க?"

கிரேன் கூண்டில் ஏறினால் ஷிப்ட் முடியும்வரை இறங்க விடமாட்டார்கள். கேட்டால், எல்லோருக்கும் கேட்கும்படி வாக்கிடாக்கியில் மேஸ்திரி சொல்வான்: "வயித்தை ரூம்லயே வெச்சிட்டு வாடா." அந்தக் கதவும் அவன் கையில்தான் என்று டாக்டரம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அம்மாவிடம் அஜீரணம் என்று மட்டும் சொல்லுங்கள். ராத்திரி சாப்பிடும்போது போன் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பேச வேண்டாம், நானும் கூடவே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

தம்பிக்கும் இங்கேயே வேலை கேட்கச் சொன்னீர்கள். கேட்கமாட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, அவனாவது நினைத்த நேரத்தில் கக்கூஸ் போகட்டும்.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மூத்தவன்