ஏழாம் கேள்விக்கு 'அ' என்று குறியிட்டவர் குறித்து

அனுப்புநர்:
பல் மருத்துவமனை வரவேற்பாளர்,
முன்னாள் தொண்டர் (மனநலக் காப்பகப் பணி, இரண்டு ஆண்டுகள்),
தையற்கடைக்கு அடுத்த கதவு, தரைத்தளம்.

பெறுநர்:
அருள்தந்தை இயக்குநர் அவர்கள்,
கத்தோலிக்கத் தன்னார்வத் தொண்டர் பணியகம்,
முன்னாள் தொண்டர் பிரிவு.

பொருள்: தொண்டு முடித்துப் புதிய ஊருக்கு வருவோருக்குத் துணை தேடித் தரும் திட்டம் – துணை தேவைப்பட்டவரையே துணையாக அமர்த்தியது – வெள்ளிக்கிழமைக்குள் பணி ஆணை ஒன்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு,

1. வணக்கம். இம்மனுவை மருத்துவமனை நடைகூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் எழுதிய தாள் கோபத்தில் கசங்கிவிட்டது, இது இரண்டாவது. நடந்ததைக் கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது, அது இன்னும் அடங்கவில்லை. சொற்களில் சூடு இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. பதினான்கு மாதங்களுக்கு முன் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தேன். இங்கே எனக்கு ஒரு முகமும் தெரியாது. தங்கள் அலுவலகம் அனுப்பிய அறிமுக அட்டையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பேருந்து நிலையத்தில் ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடையோடு நின்றிருந்தார். "நீங்கதானே புதுசா வர்றவங்க? பெட்டிய இப்படிக் குடுங்க" என்றார். எந்தக் கோயிலில் எத்தனை மணிக்குத் திருப்பலி, எந்தக் குழாயில் எப்போது தண்ணீர், எந்த வீட்டுக்காரர் சிடுசிடுப்பார் ஆனால் நல்லவர் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறந்ததிலிருந்தே இங்கே இருப்பவர் என்று நினைத்துக்கொண்டேன். அவரைக் குடையக்கா என்றே அழைக்கிறோம்.

3. 'அழைக்கிறோம்' என்று எழுதியதற்குக் காரணம், என்னையும் சேர்த்துப் பதினொரு பேரை அவர் அப்படி வரவேற்றிருக்கிறார். நாங்கள் ஊரின் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். ஞாயிறுதோறும் எங்களில் ஒருவருடைய பங்குக் கோயிலுக்கு வந்து, திருப்பலி முடிந்ததும் அங்குள்ள நாலு பேரிடம் எங்களை அறிமுகப்படுத்துவார். என்னைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டது அவர்தான். எனக்குக் குரல் இல்லை என்பதை அவர் ஒரு தடையாகவே எண்ணவில்லை. மற்றவர்களைப் பற்றி அவர் வாயால் கேட்டிருக்கிறேனே தவிர, இந்த மருத்துவமனையில் கூடும்வரை ஒருவரையும் பார்த்ததில்லை.

4. சென்ற வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை பிற்பகல் குடையக்கா தம் அறையின் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாமல் கிடந்தார். ஞாயிறு போயிற்று. அவர் வராததை நாங்கள் பதினொரு பேரும் கவனித்தோம். இந்த வாரம் இன்னொருவர் முறை போலும் என்று பதினொரு பேரும் சும்மா இருந்தோம். திங்கள் காலை, காலிக் கேன் வெளியே வைக்கப்படவில்லை என்று கதவைத் தட்டியவர் தண்ணீர் கேன் போடுகிறவர். அவருக்கு நம் திருச்சபையோடு எந்தத் தொடர்பும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5. மருத்துவமனையில் பெயர்ச்சீட்டு எழுத அடையாள அட்டை கேட்டார்கள். எடுத்துவர நான் அவர் அறைக்குப் போனேன். பதினான்கு மாதப் பழக்கத்தில் அதுவே முதல் முறை. ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். அட்டை இருந்த பையில் தங்களுக்கு அவர் அனுப்பிய இடமாற்ற விவரப் படிவத்தின் நகலும் இருந்தது. அதில் அவர் இந்த ஊருக்கு வந்த தேதியைப் பார்த்தேன். நான் வருவதற்கு ஒன்பது நாள் முன்பு. அங்கேயே அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

6. தந்தை அவர்களே, ஒன்பது நாளில் அவர் தெருத்தெருவாக நடந்து, எனக்காக இந்த ஊரை மனப்பாடம் செய்திருக்கிறார். அவர் வந்திறங்கியபோது அவர் கையிலிருந்து யாரும் பெட்டியை வாங்கவில்லை.

7. காரணம் அந்தப் படிவத்தின் ஏழாம் கேள்வி. (அ) 'வருவோரை வரவேற்க என்னால் இயலும்'. (ஆ) 'என்னை யாரேனும் வரவேற்றால் நலம்'. குடையக்கா 'அ'வில் குறியிட்டிருக்கிறார். மலையடிவார மருந்தகம் ஒன்றில் ஆறு ஆண்டு தொண்டு செய்தவர். பெற்றோர் இல்லை, உடன்பிறந்தார் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் தெரியாத ஊருக்கு வருகிறார். அவரிடம் போய் இப்படிக் கேட்டால் வேறெதில் குறியிடுவார்? எள் என்றால் எண்ணெயாக நிற்கப் பழக்கியவர்கள் நாம்தான். நாள் முழுதும் பிறருக்குப் படிவம் நீட்டுவது என் பிழைப்பு. பல்வலியில் கண்ணீர் விடுகிறவர்கூட 'வலி உண்டா?' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுத் தருவார். நான் முகத்தைப் பார்த்துத்தான் நிரப்புகிறேன்.

8. அன்றே தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எழுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "அவங்க 'அ'தானேங்க போட்டிருக்காங்க. ஃபார்ம்ல இருக்கறதத்தான் நாங்க பாக்க முடியும்." அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் பகீரென்றது.

9. அதைவிடப் பெரிய அதிர்ச்சி சென்ற வெள்ளியன்று வந்தது. தங்கள் பணியகத்திலிருந்து அவர் அறைக்கு வந்திருந்த கடிதத்தை வீட்டுக்காரர் என்னிடம் தந்தார். ஆறுதல் கடிதமாக இருக்கும் என்று நம்பி அதைப் பிரிக்காமல் குடையக்காவிடமே கொடுத்தது என் மடத்தனம். உள்ளே பன்னிரண்டாவது அறிமுக அட்டை இருந்தது. சனிக்கிழமை காலை ஒரு வெல்டர் வருகிறார், வரவேற்கவும் என்று. மறுநாள் காலை செவிலியர் போட்ட சத்தத்தில் நடைகூடமே திரண்டது. அறுவை முடிந்து நான்காம் நாள், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடையக்கா ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தார். "பத்து மணி வண்டிம்மா. யாருமில்லைன்னா அந்தத் தம்பி திகைச்சுப் போயிடுவாரு" என்றார். நான்தான் போய் அழைத்துவந்தேன். வெல்டர் தம் பெட்டியோடு நேரே கட்டிலருகில் வந்து நின்றார். அவரிடம் குடையக்கா முதலில் கேட்டது, சாப்பிட்டாரா என்பது.

10. இப்போதைய நிலை. வெள்ளிக்கிழமை காலை அவரை அனுப்பிவிடுவார்கள். ஆறு வாரம் படியேறக் கூடாது. அவர் அறையோ இரண்டாம் மாடி. தவறி விழுந்தால் மறுபடி நடப்பது கடினம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். என் வீடு தரைத்தளம், முன்னறையில் கட்டில் காலியாக இருக்கிறது. பன்னிருவரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தயார். ஆனால் அவர் இசையவில்லை. "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், எனக்கு ஆள் இருக்கு" என்கிறார். யார் அந்த ஆள் என்று மருத்துவமனைப் படிவத்தில் பார்த்தேன். 'நோயாளிக்குப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் தம் பெயரையே எழுதியிருக்கிறார். கெஞ்சினோம், கடிந்துகொண்டோம், வெல்டர் அழக்கூடச் செய்தார். வெள்ளிக்கிழமைக்கு ஆட்டோ சொல்லியாகிவிட்டது என்பதே பதில்.

11. ஆறு ஆண்டுகளில் அவர் மறுக்காதது ஒன்றுதான்: தங்கள் முத்திரையிட்ட ஒற்றைத்தாள் பணி ஆணை. அது வந்தால் எங்கே, ஏன் என்று கேட்காமல் பெட்டி கட்டுவார். எனவே ஏழாம் கேள்வியை நீக்கி, புதிதாக வருகிற ஒவ்வொருவரையும், அவர் எதில் குறியிட்டாலும், ஒருவர் நேரில் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அதற்கு நாளாகலாம், காத்திருப்போம். கீழ்க்கண்ட ஆணை மட்டும் வியாழன் மாலைக்குள் வேண்டும். இம்மனுவைக் கொண்டுவருபவர் வெல்டர். ஆணை கைக்கு வராமல் தங்கள் வாசலை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் என்பதால் வாசகத்தை நானே எழுதிவிட்டேன். கையொப்பமும் முத்திரையும் இட்டால் போதும்.

பணியிடம்: தையற்கடைக்கு அடுத்த கதவு, தரைத்தளம், முன்னறை.
காலம்: ஆறு வாரம். தேவைப்படின் நீட்டிக்கப்படும்.
பணி: தாகமெடுத்தால் தண்ணீர் கேட்பது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்வது. பன்னிருவரில் யார் வந்து கை கொடுத்தாலும் அந்தக் கையைப் பிடித்து எழுவது.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,
பணிவுடன்,

(ஒப்பம்)
பல் மருத்துவமனை வரவேற்பாளர்
மற்றும் பதினொருவர்

நாள்: இம்மாதம் 14, புதன்கிழமை
இடம்: எலும்பு முறிவுப் பிரிவு, பெண்கள் பகுதி, நடைகூடம்