மாரியில் செய்த கேம் பெட்டி

என் அன்பு மச்சான் சீலனுக்கு,

களைப்பாக இருக்கிறதடா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை, சொன்னால் உடனே தேத்தண்ணி ஊற்றி வைத்துப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கடையைத் தனியாகத் திறந்து தனியாகப் பூட்டுகிறேன். கோடைக் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்தாலும் அடுப்படிச் சூடுதான் வருகிறது. நாம் இரண்டு பேரும் சண்டை பிடித்துப் பிடித்தே நடத்திய கடையில் இப்போது சண்டைக்கு ஆளில்லை. நிம்மதியாக இருக்கவேண்டும்தானே? இல்லை மச்சான்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். நீ என் தங்கை ரெஜினாவின் புருசன், அதற்கு முன்னமே என் கூட்டாளி. பழுதான கேம் மெசின்களைத் திருத்தி, உடைந்த மூடிகளுக்குப் பதிலாகப் புது உடம்பு செய்து கொடுப்பது நம் தொழில். உள்ளே இருப்பது என் பொறுப்பு, வெளியே தெரிவது உன் பொறுப்பு. அந்த இரண்டுக்கும் எல்லை எது என்பதில்தான் எத்தனையோ நாள் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

போன கிழமை களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒருவர் புது மெசின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உயரமாக, வளைந்து, வெள்ளைச் சட்டையில் கொலரைத் தூக்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி. எந்த வீட்டு ஷோகேஸ் தட்டுக்குள்ளும் நிற்காது. படுக்கவைக்க அதற்கென்று ஒரு கால் இருக்கிறது, அந்தக் காலைத் தொலைத்துவிட்டு, மகளின் பழைய பாடப் புத்தகங்களுக்கு மேலே படுக்கவைத்திருக்கிறார். நான் வழக்கம்போல, இதைக் கீறி வடிவமைத்தவன் ஒரு நாளாவது எங்கட ஊர் வீட்டுக்குள் வந்து பார்த்திருப்பானா என்று கத்தத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். "என்ன வடிவு மச்சான்" என்று அதைத் தடவிக்கொண்டு என்னோடு வழக்காட நீ இல்லையே.

எனக்குப் பிடித்தது கைபிடி வைத்த அந்தப் பழைய சதுரப் பெட்டிதான். சாப்பாட்டுப் பெட்டி மாதிரித் தூக்கிக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போகலாம். அதைவிடப் புத்தியான மெசினை நான் காணவில்லை. உலகம் அதைச் சின்னப்பிள்ளைச் சாமான் என்று சிரித்தது, நீயும் சேர்ந்து சிரித்தாய். வீடியோ டெக் மாதிரித் தெரியவேண்டும் என்பதற்காகக் கசட்டை முன்பக்கமாகத் தள்ளவைத்த மெசினைப் பற்றி நான் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றுவாய். தள்ளித் தள்ளியே உள்ளே ஊசி தேய்ந்து, நாங்கள் எல்லோரும் கசட்டை ஊதி ஊதிப் போட்ட காலம் அது. "ஆக்கள் முதல்ல கண்ணாலதான் மச்சான் விளையாடுறாங்க" என்பாய்.

உன் மகள் அனீற்றாவின் பெட்டியைப் பற்றித்தான் உனக்கு எழுத வந்தேன். சுற்றி வளைத்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

போன மாரியில் மகளுக்கு மார்கழி நத்தார்ப் பண்டிகைப் பரிசு என்று நீ அதைச் செய்தாய். நான் திருத்திக் கொடுத்த பழைய மெசின் ஒன்றின் உள்ளுடம்பு, வெளியே உங்கள் உடைந்த கட்டிலின் முதிரைப் பலகை. மூலைகளை உருட்டி, ஒரு ஆணிகூடத் தெரியாமல், மரத்தின் ரேகை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு முறியாமல் ஓடும்படி செய்திருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு வடிவான கேம் பெட்டியை நான் கண்டதில்லை. காற்றுப் போக எங்கே வழி என்று கேட்டேன். பின்னுக்குக் கீழே ஒரு நூல் கீற்றுக் காட்டினாய்.

பக்கத்தில் துளை போடு என்றேன். "அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிரும், சும்மா இரி" என்றாய். சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று உன் வீட்டிலேயே மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை ஓட்டினோம். வெளியே அடைமழை, வாவி பெருகித் தெருவில் நிற்கிறது, நாம் இரண்டு பேரும் போர்த்துக்கொண்டு இருக்கிறோம். பெட்டியில் இளஞ்சூடுகூட இல்லை. நீ சிரித்தாய். "கச்சான் வரட்டும், அப்ப பாப்பம்" என்றேன். "ஓம், பாப்பம்" என்றாய்.

கச்சான் வந்துவிட்டது மச்சான். தை மாதம் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தின நீ பிறகு எழும்பவே இல்லை.

துக்க வீட்டில் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. ஈஸ்டர் முடிந்த பிறகுதான் அனீற்றா தாயிடம் கேட்டுவிட்டு அதைப் போட்டு விளையாடினாள். வெயில் ஏற ஏற, அரை மணித்தியாலத்தில் தானாக நின்றுபோகத் தொடங்கியது. ரெஜினா எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணன், வந்து பாருங்க. ஆனா ஓட்டை போடுறதெண்டா வராதீங்க" என்றாள். நம் சண்டையை அவள் குசினியில் சமைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

போனேன். உள்ளே சூடு கடத்தும் பசையை மாற்றினேன், பெரிய மின்விசிறி போட்டேன், மெசின் இழுக்கிற கறண்டையும் குறைத்துப் பார்த்தேன். யன்னல் இல்லாத அறையில் ஃபேனை மாற்றி மாற்றிப் பூட்டுகிற வேலை அது. பெட்டி நின்றுகொண்டே இருந்தது. ரெஜினா அதை உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பாள். "அவரு கடைசியாச் செஞ்சது அண்ணன். அதுல ஒரு கீறல் விழவும் உடமாட்டன்" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. வீதிக்கு வந்த பிறகு உன்மேல் வந்தது. ஒரு துளை, ஒரே ஒரு வரிசைத் துளை விட்டிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பாட்டுக்கு அங்கே போனேன். சொல்லாமல் போய்விட்டேன். அனீற்றா விறாந்தையில் விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கிற ஒரே மேசை ஃபேனை முழுக்கப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அவள் ஃபேனுக்குப் பின்னால், சட்டை முதுகோடு ஒட்ட, நெற்றியெல்லாம் வேர்வை வழிய இருக்கிறாள்.

"ஃபேனை உன்ட பக்கம் திருப்பி வை புள்ள" என்றேன்.

"வேணாம் மாமா. எனக்கு வேர்த்தாப் பரவால்ல, அதுக்குத்தான் சூடு ஏலாது."

ரெஜினா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு போட்டாள், நானும் சாப்பிட்டேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போதுதான் கேட்டாள்.

"எத்தின ஓட்டை போடோணும்?"

"ரெண்டு பக்கமும் போடோணும். மேல வேணாம்."

"வடிவாப் போடுவீங்களா?"

"எனக்கு வடிவு வராது புள்ள. அது அவன்ட வேலை."

செம்பைக் கீழே வைத்தாள். "அப்ப இனி ரெண்டு பேர்ட வேலையையும் நீங்கதான் செய்யோணும் அண்ணன்" என்றாள். பிறகு உள்ளே போய், பெட்டியை ஒரு புதுத் துவாயில் சுற்றிக்கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

கடைக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் உள்ளுடம்பைக் கழற்றிவிட்டு டிரில்லை வைத்தேன். முதிரை லேசில் விட்டுக்கொடுக்காது என்று உனக்குத் தெரியும். பொடி பறந்து அந்த மரத்தின் வாசம் வந்ததும் என்னால் முடியவில்லை. மாரி முழுக்க உன் சட்டையில் இருந்த வாசம் அது. டிரில்லை நிறுத்திவிட்டு அழுதேன். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை. அழுதுவிட்டு மிச்சத்தைப் போட்டேன். கண் சரியாகத் தெரியாமல் போட்டதில் வரிசை கொஞ்சம் வளைந்துபோனது, ஒரு துளையின் வாயில் சிம்பு பெயர்ந்துவிட்டது. நீ கண்டிருந்தால் இரண்டு மாதம் பேசியிருக்கமாட்டாய்.

நேற்றுப் பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அனீற்றா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா செஞ்ச மாதிரி இல்ல மாமா."

"ஓம் புள்ள. இல்ல."

அவள் என்னோடு கோபிக்கவில்லை. பெட்டியைப் போட்டு, ஃபேனைத் தன் பக்கம் திருப்பிவைத்து விளையாடத் தொடங்கினாள். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். வழக்கமாகப் பெட்டி நின்றுபோகிற நேரத்துக்கு ரெஜினா குசினியில் இருந்து வந்தாள். பிள்ளை எழும்பியிருப்பாள், சாப்பிடக் கூப்பிடலாம் என்று வந்தவள், விளையாட்டு ஓடிக்கொண்டே இருந்ததைக் கண்டு நின்றாள். மெதுவாகக் குனிந்து, நான் துளை போட்ட பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"காத்து வருது அண்ணன்" என்றாள். "இளஞ்சூடா வருது."

கையை எடுக்காமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அனீற்றா இன்னொரு தரம் விளையாடட்டுமா என்று கேட்டாள், ரெஜினா தலையை ஆட்டினாள்.

மச்சான், நீ செய்ததைக் கெடுத்துவிட்டேனா, முடித்துவைத்தேனா? நீதான் சொல்லவேண்டும், நீயோ சொல்லமாட்டாய். ஆனால் அந்தத் துளைகளை இப்படியே விடமாட்டேன். ஒவ்வொரு துளையின் வாயையும் கையாலேயே தேய்த்து, பெயர்ந்த இடத்தை அதே முதிரைப் பொடி வைத்து நிரப்பி, ரெஜினா கை வைக்கிற இடத்தில் ஒரு சிம்பும் குத்தாதபடி ஆக்கித் தருவேன். எனக்கு வடிவு வராது என்று இனிமேல் சொல்லமாட்டேன். வரும்வரை தேய்க்கிறேன்.

உன் பெண்சாதியின் அண்ணன், உன் மகளின் மாமன்,
உன்னோடு வழக்காடி முடியாத மச்சான்,
அன்ரன்