காற்றுக்கு வழி விடாத பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

என்னைக் கேட்காமல் என் கம்ப்யூட்டரின் கேபினட்டை மாற்றிவிட்டார் என் வீட்டுக்காரர். நான் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போய் வருவதற்குள் நடந்த அநியாயம் இது. பழைய தகரக் கேபினட் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கறுப்புப் பெட்டி ஒன்று. உள்ளே பச்சை, நீலம், ஊதா என்று மாறி மாறி எரியும் விசிறிகள்.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"பரிசுன்னா கேட்டுட்டா குடுப்பாங்க?"

பழைய கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்துத்தான் ஒரு வருடமாக ஓட்டினேன். பார்க்க அசிங்கம். ஆனால் ஒரு நாளும் சூடேறி நின்றதில்லை. இப்போது ஃபேன் படுக்கையறையில், அவர் தலைமாட்டில் இருக்கிறது. எல்லாம் அவர் இஷ்டம்.

மார்ச் 5, வியாழன்

நின்றுவிட்டது. கார்பெண்டருக்காகக் கம்ப்யூட்டரில் வரைந்த சமையலறையை, பார்ப்பதற்கு நிஜம்போல் தெரியும் படமாக மாற்றக் கொடுத்திருந்தேன். அதற்கு அரை நாள் ஆகும். பாதியில் பெட்டி தானாக அணைந்து, அதுவரை செய்ததெல்லாம் போனது. தொட்டுப் பார்த்தால் கண்ணாடி சுடுகிறது.

அவர் தலைமாட்டிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து கண்ணாடிக்கு நேராக வைத்தேன். கண்ணாடிக்குத்தான் காற்று. உள்ளே எங்கே போகும்?

கார்பெண்டர் போனில்: "அடுத்த சனிக்கிழமை அந்தச் சமையலறைக்காரம்மா வராங்கம்மா. படம் இல்லாம எதக் காட்டுறது, என் மூஞ்சியவா? பெரிய ஷோரூம்ல உக்கார வச்சுப் படம் காட்டுறான். இங்க இல்லன்னா அங்க போயிருவாங்க."

அடுத்த சனிக்கிழமை, பதினாலாம் தேதி. யாரிடமும் போய் உட்காராமல், ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் நானே முட்டி மோதிக் கற்ற வேலை இது. ஒரு கண்ணாடிப் பெட்டியால் போகவா?

மார்ச் 6, வெள்ளி

முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். சூடு தொண்ணூற்றுமூன்று டிகிரியிலிருந்து எழுபத்தெட்டுக்கு இறங்கியது. அவர் எட்டிப் பார்த்து, "மூஞ்சியவே பேத்துட்டியே" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

கழற்றினால் கண்ணாடியோடு அதில் பொருத்திய விசிறிகளும் தொங்குகின்றன. கை பட்டால் விரல் போகும். வேறு கேபினட் வாங்குவதென்று முடிவு. அவருக்கும் புரிய வேண்டுமே என்று டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்துக் கண்ணாடியின் ஓரத்தில் பிடித்துக் காட்டினேன். அசையவே இல்லை.

"ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கைய விடுற அளவுக்கு இடம் விடச் சொல்லிக் கார்பெண்டர்கிட்ட சண்டை போடுறேன்ல, எதுக்கு? சூடு வெளிய போகணும். அதுக்குக் குளுந்த காத்து உள்ள வரணும். மூக்க அடச்சிட்டு மூச்சு விடச் சொன்னா எப்படி?"

"அப்ப நான் வாங்குனது தப்பு."

"தப்புதான்."

"பேச்சுக்காவது பரவால்லன்னு சொல்லலாம்."

சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயமா இது?

டீ போட்டு எனக்கும் ஒரு கப் வைத்துவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போனார். போகும்போது அந்தக் காகிதத் துண்டையும் எடுத்துப் போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல்: "இன்ஜினியரம்மா, என் பக்கமும் கொஞ்சம் பாருங்க."

மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. அவர் படுத்தபடி காகிதத்தை உயரப் பிடித்திருக்கிறார். தூக்குக்குண்டு மாதிரி நேராகத் தொங்குகிறது. என் பக்கம் வந்து பிடித்தேன் — படபடவென்று அடிக்கிறது.

ஃபேனுக்கும் அவருக்கும் நடுவில் நிற்பது துணி அலமாரி. தரையிலிருந்து கூரை வரை, அவர் தலைப்பக்கம் முன்னால் துருத்திக்கொண்டு. வரைந்தது நான்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"அதுக்குத்தான டேபிள் ஃபேன் வாங்குனோம்."

"அத நான் எடுத்தப்ப சொல்ல வேண்டியதுதான?"

"உன் பெட்டி சூடு தாங்காதுன்ன. நான் தாங்குவேன். புதுப் பெட்டி வந்தா ஃபேன் எனக்குத் திரும்பி வரும்னு பாத்தேன். ரெண்டு நாள் வந்துச்சு."

சிரித்துக்கொண்டே சொல்கிறார். தலையணை உறையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

மார்ச் 9, திங்கள்

அலமாரியில் குறை ஒன்றும் இல்லை. கட்டிலைத்தான் தப்பாகப் போட்டிருக்கிறோம்.

மார்ச் 10, செவ்வாய்

கேபினட் கடை. அவர் கண்ணாடிப் பெட்டியை அதன் அட்டைப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். திருப்பி எடுக்க மாட்டார்களாம், கீறல் விழுந்துவிட்டதாம். நான் அதற்காக மட்டும் போகவில்லை.

கடைத் தம்பி ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக் காட்டினான். "இதுதாம்மா இப்ப நல்லாப் போகுது."

"லைட்டு படம் வரையாது தம்பி. முன்பக்கம் வலை போட்டது காட்டு."

"லைட் இல்லாதது யாரும் கேக்கறதில்லம்மா."

"நான் கேக்குறேனே."

கீழ்த் தட்டில், தூசியோடு ஒன்று இருந்தது. முகம் முழுக்கக் கம்பிவலை. தையல் டேப்பால் உள்ளே அளந்தேன். படத்துக்கு உழைக்கும் என் கிராபிக்ஸ் கார்டு படுத்தபிறகும் இடம் மிஞ்சும். முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவும்படி தூசி வடிகட்டி. விசிறிகளை ஓட விடச் சொல்லி டிஷ்யூவைக் காட்டினேன். வலையோடு போய் ஒட்டிக்கொண்டது.

"இதுதான்" என்றேன். கடைத் தம்பி இவரைப் பார்த்து, "சார், உங்களுக்கு ஓகேவா?" என்றான்.

"எனக்கென்னப்பா. போன தடவ கேக்காம வாங்கி, நல்லா வாங்கிக்கட்டிக்கிட்டேன்."

மார்ச் 12, வியாழன்

படம் முடிந்தது. சூடு எழுபத்தொன்றைத் தாண்டவில்லை. மூடி எதையும் கழற்றவில்லை, டேபிள் ஃபேனும் வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 14, சனி

அந்தம்மா படத்தைப் பார்த்து, "ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஏன் இவ்வளவு இடம் சும்மா விட்டிருக்கு?" என்று கேட்டாராம். கார்பெண்டர், "அது படம் வரையற எங்கம்மாவோட பிடிவாதம், நல்லதுக்குத்தான்" என்றாராம். வேலை கார்பெண்டருக்கே.

மார்ச் 15, ஞாயிறு

இனி ஆக வேண்டியவை.

கார்பெண்டர், புதன்கிழமைக்குள் வந்து, துணி அலமாரியில் கட்டில் பக்கம் துருத்தும் பகுதியை அறுத்தெடுக்க வேண்டும். வரைபடம் தயார். வரைந்ததில் தப்பு என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது.

மகள், லீவுக்கு வரும்போது, கட்டிலைத் தள்ளிப் போட ஒரு கை கொடுக்க வேண்டும்.

கடைத் தம்பி, கண்ணாடிப் பெட்டியின் விளக்கு விசிறிகளில் ஒன்றைக் கழற்றி, என் கேபினட்டின் பின்பக்கம் மாட்டித் தர வேண்டும். சுவரைப் பார்த்து எரியட்டும். வாங்கியவர் ஆசை.

இவர், ஞாயிறுதோறும் தூசி வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். என்னைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. வெக்கையில் வெந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

நான், டேபிள் ஃபேனின் இறக்கைகளைத் துடைத்து அவர் தலைமாட்டில் வைக்க வேண்டும். மதியத் தூக்கத்துக்கு அவர் எழுந்து போவதற்கு முன்னால்.