துள்ளாமல் வந்த கொடுவா

நண்பா,

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் இறால் வாசனை போகவில்லை. இன்று காலை அரியாங்குப்பம் ஆற்றில் எனக்கு ஒரு கொடுவா மீன் கிடைத்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது, தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருடம் நாம் தூண்டில் போட ஆரம்பித்தோம். ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாக்கள். ஞாயிறு பூசை மணி அடிப்பதற்கு முன்பே நெல்லித்தோப்பிலிருந்து இரண்டு சைக்கிள் கிளம்பிவிடும். உனக்கு வாரம் தவறாமல் கொடுவா, எனக்குக் கெளுத்தி. என்னைக் கேலியாக, பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல, முசே என்றுதான் கூப்பிடுவாய். "வாலோரமா கோரு முசே. நடு முதுகுல குத்துனா எறா செத்துடும். செத்த எறாவ கொடுவா மோந்துகூடப் பாக்காது" என்பாய். அப்படித்தான் கோர்த்தேன். அதற்கும் கெளுத்திதான். எனக்கென்று மொண்ணைத் தூண்டில் முள்ளாகப் பார்த்துக் கொடுக்கிறாயோ என்று, நீ பார்க்காதபோது நகத்தில் உரசிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு நீ தவளக்குப்பம் சந்தைக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தாய். சைக்கிளில் ஈரச்சாக்கு. கேட்டதற்கு "எறாதான்" என்றாய். கொஞ்ச நேரத்தில், "ரெண்டு டீ வாங்கியாயேன். உன் தூண்டில நான் பாத்துக்கறேன்" என்றாய். டீயோடு திரும்பும்போதே கத்தினாய்: "ஓடியா முசே! உன்னுதுலதான் மாட்டிக்கிச்சு!"

இழுத்தேன். கை நீளக் கொடுவா. முள் மாட்டியதும் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறுகிற மீன், அன்று ஒரு துள்ளல்கூட இல்லாமல் வந்தது. நான் சரியாகப் பார்ப்பதற்குள் நீ அதன் தலையில் ஒன்று போட்டுவிட்டாய்.

வீட்டில் அரியும்போது என் மனைவி, "செவுளு வெளுத்திருக்கே. இன்னிக்குப் புடிச்சதா இது?" என்றாள். எனக்கு அது போதாதா? திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும், "எந்தக் கடையில வாங்குன?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "இழுத்தவன் நீ. உன் கைக்குத் தெரியாதா?" என்றாய். அதன்பின் சைக்கிள்கள் தனித்தனியாகப் போயின. உன் பாடைக்குப் பின்னால் நடந்தபோதுகூட, நீ ஏன் இல்லையென்று சொல்லவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று கடல் ஏற்றம் வற்றத் திரும்பும் நேரம், தூண்டில் நரம்பு இறுகியது. மீன் எகிறவில்லை, உதறவில்லை. அடித்தண்ணீரிலேயே கனமாக நகர்ந்து கரை வரை வந்தது. மணலில் விழுந்த பிறகுதான் வாலை அடித்தது. கொடுவா இப்படியும் வருமாம்.

இதனால் அன்று நீ வாங்கவில்லை என்று ஆகிவிடாது. வாங்கியே மாட்டியிருந்தாலும், அது நான் ஒரு ஞாயிறாவது வாய்விட்டுச் சிரிக்கட்டும் என்றுதானே? இது ஏன் எனக்கு அப்போது தோன்றவில்லை!

சந்தேகம் என்னை விட்டுப் போகாது. இன்றும் மீனைப் பிடித்த கையோடு திரும்பி, தாழம்புதருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன், நீ ஒளிந்திருக்கிறாயோ என்று. அந்த ஒரு சந்தேகமாவது பலித்திருக்கக் கூடாதா?