தமிழில் ஒரு பயிற்சி நாள்

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் மழை, பிறகு புழுக்கம். உடுப்புகள் வெளியே, உள்ளே, திரும்ப வெளியே. வெள்ளவத்தையில் கடலுக்கு இவ்வளவு கிட்ட வீடு எடுத்தும் ஒரு துவாய் காயாது.

கொட்டாஞ்சேனை உளவளத்துணை நிலையத்தில் இன்று நல்ல சனம். கடைசியாக மு. வந்தாள் (முழுப்பெயர் இங்கேயும் எழுதமாட்டேன்). முகத்துவாரத்துப் பெண். விடிய முன்னரே பேலியகொடை மீன் சந்தைக்குப் போய் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. நித்திரை இல்லை, நெஞ்சு அடைக்கிறது. எங்களிடம் வரமுன் வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே சொன்னார்களாம், தினமும் கொஞ்ச நேரம் தனியாக, அமைதியான இடத்தில் இருந்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லி.

"எங்க மிஸ் தனியா இருக்க? ஒரு ரூம்ல ஏழு பேரு. பாத்ரூம்ல குந்தினாலும் வெளிய இருந்து தட்டுறாங்க. அதான் போறத நிறுத்திட்டேன். அவங்க சொன்னத செய்யலன்னு எப்படிப் போய் முகத்துல முழிக்கிறது?"

உதவி தேடி வந்தவள் வெட்கத்தோடு திரும்பிப் போயிருக்கிறாள். சொன்னவர் கெட்டவர் அல்ல. எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் படிப்பித்தார்கள்.

புதன் பயிற்சிக் குழுக் கூட்டம். விடக்கூடாது.

வாங்க: தேங்காய், பற்றரி, இவருக்கு இருமல் மருந்து.

செப்டம்பர் 10, புதன்

கூட்டம் முடிந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு துண்டு பாண் நின்றபடியே சாப்பிட்டேன். கோபமா பசியா தெரியவில்லை.

உளவளத்துணையாளர்களாகிய நாங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் வருடா வருடம் இத்தனை மணித்தியாலப் பயிற்சி எடுக்க வேண்டும். பயிற்சி எல்லாம் ஆங்கிலத்தில், குளிரூட்டிய மண்டபத்தில். ஆங்கிலம் பிடிபடாத தமிழ் ஆட்கள் பின்வரிசைக் கதிரைகளில். யாராவது குசுகுசுத்து மொழிபெயர்ப்பார்கள். விரிவுரையாளர் பகிடி விட்டால் நாங்கள் ஒரு நிமிடம் பிந்திச் சிரிப்போம்.

நானும் என்னோடு வேலை செய்கிற ஃபரீனாவும் கேட்டது ஒரே ஒரு நாள். முழுக்கத் தமிழில். வருகிறவரின் வீடு, வேலை, மொழி, சமயம் எல்லாம் அவர் மனத்தை என்ன செய்கின்றன, அதை அறிந்து எப்படிக் கதைப்பது என்று.

பயிற்சிக் குழுத் தலைவி டொக்டர் ராஜேஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுபா, நல்ல எண்ணம்தான். ஆனா இது சமூக சேவை. கவுன்சலிங் இல்லை. அவையின்ர வீட்டுப் பிரச்சினையை நாங்கள் தீர்க்கேலாது."

"தீர்க்கச் சொல்லேல்லை டொக்டர். கேக்கச் சொல்லுறம்."

இன்னொருவர், தமிழில் நடந்தால் தமிழ் தெரியாதவர்கள் எப்படி மதிப்பிடுவது என்றார். அப்போது நிரோஷா, குழுவில் இருக்கிற சிங்களப் பிள்ளை, கையை உயர்த்தினாள். "கமக் நே, பரவாயில்லை! நான் வாறேன். எனக்கு யாராவது காதில சொல்லுங்க." அவளுடைய தமிழ் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

முடிவு: 20ஆம் திகதி சனிக்கிழமை பயிற்சியை நடத்தலாம். டொக்டர் ராஜேஸ்வரி வந்திருந்து பார்ப்பார். பார்த்த பிறகுதான் பதிவுக்குரிய மணித்தியாலம் தருவதா இல்லையா என்று சொல்வார். அதாவது, வருகிற ஆட்கள் வீணாக வந்து போகவும் கூடும். அதையும் அறிவித்தலில் ஒளிக்காமல் போட்டோம்.

இவர் கேட்டார்: "ஒருத்தரும் வராட்டி?"

"நானும் ஃபரீனாவும் இருந்து றோல்ஸ் சாப்பிடுவம்."

செப்டம்பர் 14, ஞாயிறு

வெயில். புறக்கோட்டையில் பஸ் மாறி ஃபரீனா வீட்டுக்கு. அவளுடைய உம்மா வட்டிலப்பம் வைத்துவிட்டு, நாங்கள் சாப்பிடும்வரை போகவில்லை.

வேலை: மனக் கஷ்டத்தைச் சொல்ல ஆட்கள் உண்மையில் பாவிக்கிற சொற்களைப் பயிற்சிக்காகச் சேர்த்தல்.

நெஞ்சுக்குள்ள ஏதோ இருக்கு.
தலைக்குள்ள இரையுது.
ஒண்டும் பிடிக்கேல்லை.
கல்பு கனக்குது (கல்பு: இதயம். ஃபரீனாவின் ஆட்கள் சொல்வது).
மனசே சரியில்லீங்க.
கை கால் விட்டுப் போச்சு.

"அக்கா, எங்கட ஆக்கள்ல 'மன அழுத்தம்' எண்டு எந்த உம்மாவும் சொல்லி நான் கேட்டதே இல்ல. நாங்க அந்தச் சொல்லைச் சொன்னா, அது வேற யாருக்கோ வந்த வருத்தம் எண்டு நினைக்கிறாங்க," என்றாள் ஃபரீனா.

பிறகு எனக்கும் அவளுக்கும் சண்டை. நான் காலையில் விரிவுரை வேண்டும் என்றேன். அவள் விரிவுரையே வேண்டாம், நேரே நடிப்புப் பயிற்சி என்றாள். அவள் சொன்னதுதான் சரி. வட்டிலப்பம் முடிந்த பிறகே ஒத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மு. வந்தாள். இரண்டு விஷயம்.

ஒன்று. அவளுடைய ஒரு நாளை விடியலிலிருந்து சொல்லச் சொன்னேன். வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் இருப்பாளாம். "மீன் நாத்தம்னு பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க மிஸ்" என்று சொல்லிச் சிரித்தாள். பாலத்தில் நெரிசல், பஸ் ஊரும், கீழே ஆறு. அந்த நேரம் மட்டும் நெஞ்சு லேசு. நாங்கள் தேடின அமைதியான இடம் அதுதான்! மூச்சுப் பயிற்சியைப் பஸ்ஸுக்கு மாற்றினோம்.

இரண்டு. அவளுடைய நிலைமையைப் பயிற்சியில் பேர் இல்லாமல் பாவிக்கலாமா என்று கேட்டேன். விருப்பமில்லாவிட்டால் ஒன்றும் குறையாது என்றும் சொன்னேன். யோசித்தாள்.

"பேரு வேணாம். வேலையும் மாத்திருங்க. மத்ததெல்லாம் சொல்லுங்க மிஸ். நல்லாக் கேக்கட்டும்."

அறிவித்தலுக்குப் பதில் போட்டவர்கள் இன்றுவரை மிகக் குறைவு. நாளைக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

எங்கே தொடங்குவது.

கதிரை காணாது, அவ்வளவு சனம்! மண்டபக்காரரிடம் ஓடி நீள வாங்குகளை எடுத்துப் போட்டோம். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, முகம் கழுவியபடியே உள்ளே வந்தவர்கள் இருந்தார்கள். ஹட்டனிலிருந்து யோகா என்றொரு பிள்ளை, தனியாக. "மணித்தியாலம் கெடைக்காட்டியும் பரவால்ல மிஸ். நம்ம பாஷையில ஒரு நாளு கேக்கணும்னு வந்தேன்."

பின்வரிசையில் நிரோஷாவும் அவளுடைய இரண்டு சிநேகிதிகளும். ஃபரீனா அவர்கள் காதில் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் சிரித்து முடித்த பிறகு அவர்கள் சிரித்தார்கள். தேநீர் நேரம் நிரோஷா என் கையைப் பிடித்துச் சிங்களத்தில் சொன்னாள், இவ்வளவு காலமும் நீங்கள் எங்கள் பின்வரிசையில் இப்படியா இருந்தீர்கள் என்று. இன்னொரு றோல்ஸ் கொடுத்தேன்.

மதியத்துக்குப் பிறகு நடிப்புப் பயிற்சி. நான் உதவி தேடி வந்த பெண், மு. சொன்னபடி பேரும் வேலையும் மாற்றி. துணையாளராக வர ஒருவரும் எழும்பவில்லை. திடீரென்று டொக்டர் ராஜேஸ்வரி வந்து முன்னால் இருந்தார். பின்வரிசைக்காரர் எழும்பி எட்டிப் பார்த்தார்கள்.

"நித்திரை வருகுதில்லை டொக்டர்."

"பின்னேரத்தில கொஞ்சம் நடந்து பாருங்கோ. மனம் லேசாகும்."

"எங்க டொக்டர் நடக்கிறது? எங்கட பக்கம் முழுக்க லொறி. இருட்டினா ஒழுங்கைக்குள்ள பொம்பிளையள் போகேலாது."

"சரி, வீட்டிலேயே ஒரு மூலையில் அமைதியா..."

"எல்லா மூலையிலயும் ஆள் படுக்குது டொக்டர்."

சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் பயந்துபோனேன். எல்லோர் முன்னாலும் இப்படிச் செய்துவிட்டேனே, எழும்பிப் போய்விடுவாரோ.

"பிழையான இடத்தில துவங்கிட்டன்," என்றார், சபையைப் பார்த்து. என் பக்கம் திரும்பினார். "திரும்பத் துவங்குவம். உங்கட ஒரு நாள் எப்பிடிப் போகுது? எழும்புறதில இருந்து சொல்லுங்கோ அம்மா. எனக்கு நேரம் இருக்கு."

அதன் பிறகு அவர் கேட்ட விதம்! அவசரமில்லை. புத்திமதி இல்லை. யார் முதல் எழும்புவது, யாருக்கு முதல் தேத்தண்ணி, எனக்கு எப்போது. "உங்களுக்கு ஆர் ஊத்தித் தாறது?" என்று கேட்டபோது, நடிக்கத்தான் வந்தேன் என்பது மறந்து, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் யோகா மூக்கைச் சிந்தினாள். ஃபரீனா மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டாள். நிரோஷாவும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை.

முடிவில் டொக்டர் ஒலிவாங்கியை வாங்கினார். "மணித்தியாலம் முழுசாக் குடுக்கிறம். நான் இதைச் சமூக சேவை எண்டு சொன்னனான். அதை வாபஸ் வாங்குறன். ஆனா ஒரு நிபந்தனை. அடுத்த முறை இது விரும்பின ஆக்களுக்கு மட்டும் இல்லை. எல்லாருக்கும் கட்டாயம். முதல் எங்கட குழுவுக்கு."

கைதட்டல். மட்டக்களப்பு ஆட்கள் விசில் அடித்தார்கள். உளவளத்துணையாளர்கள் விசில் அடித்து இன்றுதான் கேட்டேன்.

கால் வீக்கம். தொண்டை போய்விட்டது. இவர் வாசலில் நின்று, "றோல்ஸ் மிஞ்சினதோ?" என்றார்.

ஒன்றுகூட மிஞ்சவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

தொண்டைக்கு மல்லித் தண்ணீர். பிடிக்காது, குடித்தேன்.

குழு கூடி எழுத்தில் உறுதிசெய்துவிட்டது. தமிழ்ப் பயிற்சிக்கு இனி வருடா வருடம் இடம். சிங்களத்திலும் ஒரு நாள் வேண்டும் என்று நிரோஷா கேட்டிருக்கிறாள். அவர்களுடைய சொற்களை அவள்தான் சேர்க்க வேண்டும். ஃபரீனா தொலைபேசியில் சந்தோஷத்தில் கத்தியதில் காது இன்னும் இரைகிறது.

நிலையத்திலும் ஒரு மாற்றம். வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனி பின்னேரமும் திறக்க ஒத்துக்கொண்டார்கள். நான் கேட்காமலே!

மின்சார பில். மறக்காதே.

செப்டம்பர் 26, வெள்ளி

பின்னேர பஸ். நிற்க இடமில்லை. கைத்தொலைபேசி அடித்தது. ஹட்டன் யோகா.

"மிஸ், ஒங்ககிட்ட சொல்லணும்னு எடுத்தேன். ஒரு அம்மா எங்ககிட்ட வருவாங்க. தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க. வந்து உக்காந்துட்டு ஒரு வார்த்த பேசாம எந்திரிச்சுப் போயிருவாங்க. நானும் எப்பவும் 'மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க'ன்னுதான் கேப்பேன். இன்னைக்குக் கேக்கல. மலைக்கு எத்தன மணிக்குப் போறீங்க, வீட்ல மொதல்ல எந்திரிக்கிறது யாருன்னு கேட்டேன்."

"பிறகு?"

"பேசினாங்க மிஸ். வெளிய மழ வந்து நின்னு போச்சு, அவங்க பேசிக்கிட்டே இருந்தாங்க. போகும்போது, 'அடுத்த கெழமயும் வாரேன் புள்ள'ன்னு அவங்களே சொன்னாங்க. நான் கூப்பிடல மிஸ். அவங்களே சொன்னாங்க."

பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்து, "ஏதும் நல்ல செய்தியோ?" என்றாள். "ஓம்," என்றேன். "நல்ல செய்தி."

இறங்க வேண்டிய வெள்ளவத்தை தாண்டிப் போனது தெரியவில்லை. அடுத்த ஊரான தெஹிவளையில் இறங்கி, கடற்கரைப் பக்கத்தால் வீடுவரை நடந்தே வந்தேன்.