மாமியார் பக்கத்தில் நின்றபோது கேட்டது

ஐப்பசி, செவ்வாய் இரவு

எங்கள் பிரசவ வார்டில் கோமதியின் குழந்தை பிறந்து மூன்று நாள். நேற்றிலிருந்து கைகால் நடுங்குகிறது, பால் குடிக்காமல் கீச்சென்று அழுகிறது. கிருமித்தொற்று என்று நினைத்துத்தான் மருந்து ஏற்றினோம்.

இன்று மத்தியானம் அவள் மாமியார் டீ வாங்கக் கீழே போனார். கோமதி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். பீங்கான் கம்பெனியில் அச்சு தூக்கி வந்த இடுப்பு வலிக்கு, மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கியது, பழகினால் விட முடியாத வலி மாத்திரை. மாசமாக இருந்தபோதும் தினம் மூன்று போட்டிருக்கிறாள்.

"சேர்க்கும்போதே கேட்டேனே, ஏம்மா சொல்லல?"

"எங்க அத்தை பக்கத்துலயே நின்னாங்களே சிஸ்டர்."

நின்றார்தான். பதினாறு வருஷமாக எல்லாரையும் அப்படித்தான் கேட்கிறேன், கூட வந்தவர்களை வெளியே அனுப்பாமல். கேஸ் ஷீட்டில் 'மாத்திரைப் பழக்கம் இல்லை' என்று இருப்பது என் கையெழுத்து.

"நடுவுல நிறுத்திப் பாத்தேன். எனக்கும் இப்படித்தான் நடுங்குச்சு. என்னாலயே தாங்க முடியல, இது எப்படித் தாங்கும்?"

டாக்டரிடம் சொன்னேன். கிருமி இல்லை, வயிற்றில் பழகிய மாத்திரை நின்றதால் வந்த நடுக்கம் என்று மருந்தை மாற்றினார். சாயந்திரம் குழந்தை தூங்கியது.

"எல்லாம் உங்க கைராசிதான் சிஸ்டர்," என்றார் மாமியார். கோமதியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.